எட்டு நாள் குறைவு

2014 ஆகஸ்ட் கடைசியில், நவம்பர் மாத சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) இறுதித் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்த்துக்கொண்டிருந்த நான் என் சொந்தக் கணக்கை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அன்றைய விதிப்படி, தேர்வு நடக்கும் மாதத்தின் முதல் தேதியில் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் ஒருவரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி, முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ மீதமிருந்தால்தான் இறுதித் தேர்வு எழுத முடியும். 2012 ஏப்ரல் 16 அன்று நான் அலுவலகத்தில் சேர்ந்திருந்ததால், எனக்கு ஐந்தரை மாதமே மீதம் என்று மனத்தில் கணக்கு வைத்திருந்தேன். பதிவுக் கடிதத்தில் இருந்த தொடக்கத் தேதியோ 2012 மே 9. அதன்படி மூன்று ஆண்டுப் பயிற்சி முடிவது 2015 மே 8. நவம்பர் 1 முதல் எண்ணினால் ஆறு மாதமும் எட்டு நாளும் வந்தது. அந்த எட்டு நாளுக்காக நான் அடுத்த மே மாதம் வரை காத்திருந்தேன்.

ஏப்ரல் 16-க்கும் மே 9-க்கும் இடையே நான் வீட்டில் இருக்கவில்லை. ஏப்ரல் மாதம் வங்கிக் கிளைத் தணிக்கைக் காலம். சேர்ந்த மறுநாளே ஒரு சீனியர் அண்ணாவுடன் ஒரு வங்கிக் கிளைக்கு அனுப்பப்பட்டு, கடன் கோப்புகளில் பத்திர நகல் இருக்கிறதா, காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். மதிய உணவுக்குக்கூட நேரமில்லாத அந்த மூன்று வாரத்தில், ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் வாங்க வேண்டும் என்று நான் இரண்டு முறை நினைவூட்டினேன். "பேங்க் ஆடிட் முடியட்டும்மா, ஒண்ணும் ஓடிப் போயிடாது" என்றார்கள். தணிக்கை முடிந்தது, முத்திரைத்தாள் மே 9 அன்று வந்தது. தாள் வாங்கிய நாளுக்கு முந்தைய தேதியில் ஒப்பந்தம் எழுத முடியாது என்பதால் பயிற்சியும் அன்றுதான் தொடங்கியது. அதற்கு முன் நான் செய்த இருபத்து மூன்று நாள் வேலை, பயிற்சியைப் பதியும் நிறுவனத்தின் பதிவேட்டைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பட்டயக் கணக்காளர் ஆகத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில், அதாவது ஐ.சி.ஏ.ஐ.யில், உறுப்பினராக உள்ள தொழில்முறை ஆடிட்டர் ஒருவரிடம் குறிப்பிட்ட காலம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அவரைப் பிரின்சிபல் என்கிறோம். அவருக்கும் மாணவருக்கும் இடையிலான ஒப்பந்தம் படிவம் 102, அதை நிறுவனத்தில் பதிவது படிவம் 103. பயிற்சி தொடங்கிய 30 நாளுக்குள் பதிவுக்கு அனுப்ப வேண்டும். என் காலத்தில் பயிற்சி மூன்று ஆண்டு. 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டு.

முத்திரைத்தாள் தாமதமானது தெரிந்தபோது, பழைய தேதியிட்ட தாள் வாங்கித் தருவதாக அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒருவர் சொன்னார். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத எனக்கு அது தவறு என்று தோன்றியதைவிட, மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் முந்தி வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னாளில், மார்ச் மாதச் செலவுக்கு மே மாதத்தில் எழுதிய வவுச்சரை மையின் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டபோது, அந்தத் தாளை வாங்காமல் விட்டதை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

ஆகவே ஆர்ட்டிகிள்ஷிப் சேரப்போகிறவர்களுக்கு என் முதல் அறிவுரை மிகவும் சலிப்பூட்டக்கூடியது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளும் நீங்கள் வேலையில் உட்காரும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பணிவாக, ஆனால் விடாமல், கேளுங்கள். இப்போது படிவங்கள் ஐ.சி.ஏ.ஐ.யின் எஸ்.எஸ்.பி. என்ற இணையதளத்தில் நிரப்பப்பட்டு அங்கேயே பிரின்சிபலின் ஒப்புதலைப் பெறுகின்றன என்பதால், எந்த நிலையில் நிற்கிறது என்பதை மாணவரே பார்க்கலாம். ஆனால் ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் செப்டம்பர் கடைசியில் வரித் தணிக்கை அறிக்கைகளில் மூழ்கியிருந்தால் கணினி அவரைத் தட்டி எழுப்பாது. நீங்கள்தான் போய் நிற்க வேண்டும். பதிவு உறுதியானதும் அதில் உள்ள தொடக்கத் தேதி, உங்கள் எஸ்.ஆர்.ஓ. பதிவெண் (மாணவர் எண்), பெயரின் எழுத்து, பிரின்சிபலின் உறுப்பினர் எண் ஆகியவற்றை அன்றே படித்துவிடுங்கள். நான் என் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு இரண்டு ஆண்டு திறக்கவில்லை.

சேருவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளும் சில உண்டு. ஒரு பிரின்சிபல் எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அவர் தொழில் செய்த ஆண்டுகளைப் பொறுத்து வரம்பு இருக்கிறது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் பத்து பேருக்கு மேல் இல்லை. பெரிய அலுவலகம்தானே, இடம் இல்லாமலா போகும் என்று நினைத்துச் சேர்ந்த என் வகுப்புத் தோழன் ஒருவன், தன்னைப் பதிந்துகொள்ள எந்தப் பங்குதாரரிடமும் இடம் காலியில்லை என்பதை ஒன்றரை மாதம் வேலை செய்த பிறகு தெரிந்துகொண்டான். இடம் இருக்கிறதா, யார் பெயரில் பதிவார்கள், என்னென்ன வேலை வருகிறது, பெண்களை வெளியூர்த் தணிக்கைக்கு அனுப்புவார்களா என்ற நான்கையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேர்காணலில் நான் கேட்ட ஒரே கேள்வி, "எப்போ வரணும் சார்?"

அந்த நான்காவது கேள்வியைக் கேட்காததன் விலையை முதல் ஆண்டு முழுவதும் கொடுத்தேன். பையன்கள் பெருந்துறைக்கும் தாராபுரத்துக்கும் மில் தணிக்கைக்குப் போனார்கள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து வவுச்சிங் செய்தேன், அதாவது கணக்குப் பதிவுகளை ரசீதுகளோடு ஒப்பிட்டேன், டி.டி.எஸ். (முன்கூட்டிப் பிடித்த வரி) சலான்களை டாலி கணக்கு மென்பொருளில் ஏற்றினேன், ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டிய வாட் (அன்றைய விற்பனை வரி) ரிட்டர்ன்களை நிரப்பினேன். அதுவும் வேலைதான், அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஒரு ஆண்டு வாட் நிரப்பியவளுக்கு ஒரு வியாபாரத்தின் கொள்முதல் எந்தப் பருவத்தில் ஏறும், எப்போது இறங்கும் என்பது ரத்தத்தில் ஊறிவிடும். ஆனால் மூன்று ஆண்டும் அதுவாகவே போனால், கையில் சான்றிதழ் இருக்கும், சரக்கிருப்பை நேரில் எண்ணத் தெரியாது. பயிற்சி ஒப்பந்தம் என்பது வெறும் நாள் கணக்கு அல்ல; கணக்கியல், தணிக்கை, வரி என்று பலவற்றிலும் கைபடச் செய்ய வைப்பதாக பிரின்சிபல் பொறுப்பேற்கும் ஏற்பாடு. அதை நினைவூட்டுவது மரியாதைக் குறைவு ஆகாது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

2013 மார்ச்சில், ஒரு மஞ்சள் வியாபாரியின் கிடங்கில் ஆண்டு இறுதி இருப்பை எண்ணப் போக வேண்டியிருந்த பையனுக்குக் காய்ச்சல். நான் போகிறேன் என்றேன். "அப்பாகிட்ட கேட்டுட்டு வாம்மா" என்றார் என் பிரின்சிபல் சார். அப்பாவிடம் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்ததற்குக் காரணம், அவர் இருபது ஆண்டுக்கு மேலாக ஈரோட்டு மஞ்சள் மண்டியில் குமாஸ்தா. அவர் கேட்டது ஒன்றுதான்: "எண்ணறதுன்னா எப்படி எண்ணுவே கண்ணு?" நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குவேன் என்றேன். சிரித்துவிட்டு, "கீழ நின்னு எண்ணாதே. அட்டி மேல ஏறிப் பாரு" என்றார்.

மார்ச் 30, சனிக்கிழமை. கிடங்கில் விரலி மஞ்சள் தனியாக, கிழங்கு மஞ்சள் தனியாக மூட்டைகளை அடுக்கி அட்டி போட்டிருந்தார்கள். மஞ்சள் தூசி மூக்கில் ஏறி, தும்மித் தும்மி என் கைக்குட்டையே மஞ்சளாகிவிட்டது. முதல் அட்டி நீளத்தில் 14 மூட்டை, அகலத்தில் 9, உயரத்தில் 11. பெருக்கினால் 1,386. இருப்புப் புத்தகத்தில் 1,218 என்று இருந்தது. 168 மூட்டை கூடுதல்! கணக்கில் வராத சரக்கைப் பிடித்துவிட்டோம் என்ற பெருமிதத்தில் எழுதப்போன கை, அப்பா சொன்னது நினைவுக்கு வந்து நின்றது. சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் ஏணி பிடித்தார். மேலே ஏறிப் பார்த்தால், சுற்று ஓரத்தில் மட்டும்தான் 11 அடுக்கு. உள்ளே 12-க்கு 7 என்று இருந்த நடுப்பகுதி முழுவதும் 9 அடுக்கோடு நின்றிருந்தது. கடைசி லோடு வந்தபோது ஓரத்தைக் கட்டிவிட்டு நடுவை அப்படியே விட்டிருக்கிறார்கள். 84 இடம், இரண்டு அடுக்கு, 168 மூட்டை. புத்தகம் சரி, நான்தான் தவறு. தணிக்கையில் பார்த்ததைக் குறித்துவைக்கும் பணித்தாளில் அட்டியின் படத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, உள்பகுதியைக் கோடிட்டு, கீழே என் கையொப்பச் சுருக்கமும் தேதியும் போட்டேன். சார் திங்கள்கிழமை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் முதல் வெளித் தணிக்கைப் பட்டியலில் என் பெயரும் வந்தது.

அந்தப் பணித்தாள் வேறொரு காரணத்துக்காகவும் எனக்கு முக்கியமானது. அதற்கு விடுப்புக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

அன்று ஒரு ஆர்ட்டிகிள் மாணவர் உண்மையில் பணி செய்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு விடுப்பு எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கி மூன்று ஆண்டுக்கு 156 நாள் என்று மாணவர்களிடையே ஒரு வாய்ப்பாடு உண்டு. கேட்கும்போது அது ஒரு சமுத்திரம்போலத் தோன்றும். இறுதிக்கு முந்தைய இடைநிலைத் தேர்வின் இரண்டாவது குரூப்பை (பாடத்தொகுதியை) 2012 நவம்பரில் எழுத 28 நாள் எடுத்தேன், தேறவில்லை. 2013 மேயில் மறுபடி எழுத 45 நாள் எடுத்தேன், தேறினேன். இறுதித் தேர்வுக்கு 88 நாள். திருமணம், இழவு, காய்ச்சல் என்று 13 நாள். மொத்தம் 174. என் நாட்குறிப்பின்படி 18 நாள் அதிகம். அதிகமாக எடுத்த விடுப்பு மன்னிக்கப்படுவதில்லை. பயிற்சியின் முடிவில் அத்தனை நாள் கூடுதலாக வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். 18 நாளை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

2015 மே மாதம் தேர்வு முடிந்து திரும்பி வந்தபோது அலுவலகத்தில் காட்டிய கணக்கில் 35 நாள் இருந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்துவந்த அக்கா மிகவும் நேர்மையானவர். தினமும் காலை பத்து மணிக்குக் கையெழுத்து இல்லாத கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். வீட்டிலிருந்து நேராக மில்லுக்கோ கிடங்குக்கோ போன நாட்களில் நான் அலுவலகம் வரவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அப்படிப் பதினேழு சிவப்புக் கோடுகள். அதில் ஒன்று 2013 மார்ச் 30.

எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டாவதாக வந்தது, இவ்வளவு நாள் கற்றதை இப்போதாவது பயன்படுத்துவோமே என்ற எண்ணம். நாட்குறிப்பில் எல்லாம் இருந்தது, ஆனால் அது நானே எழுதியது. தணிக்கை செய்யப்படுபவர் தானே எழுதிக்கொடுத்த தாளை வைத்து எந்த ஆடிட்டரும் ஒரு தொகையை ஏற்பதில்லை. பேருந்துச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். நடத்துநர் கருவியில் அடித்துக் கொடுத்த அந்தச் சீட்டுகள் இரண்டு ஆண்டில் வெளுத்து, வெறும் வெள்ளைத்தாளாகக் கிடந்தன. கைகொடுத்தவை பணித்தாள்கள். யார் செய்தார், எந்த நாளில் முடித்தார் என்பது பணித்தாளில் இருக்க வேண்டும் என்று தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 230 சொல்கிறது. அதை ஒரு சடங்காக நினைத்துப் போட்டுவந்த கையொப்பச் சுருக்கங்கள் பதினேழில் பன்னிரண்டு நாளுக்குச் சாட்சி சொன்னன. மீதி ஐந்து நாளும் ஒரே நூற்பாலையில். அங்கே வாயிற்காவலர் வைத்திருந்த கேட் பதிவேட்டில் என் பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் இருந்தன. மில் கணக்காளர் அந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கொடுத்தார். அலுவலகத்தில் யாரும் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காகிதத்தைக் காட்டியதும் சார் பதினேழு கட்டத்திலும் 'வெளித் தணிக்கை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு நிமிடமாகப் பிரித்துச் செலவழித்திருந்தால், தேர்வு எழுதிய களைப்போடு ஒரு வாரம் பழைய கோப்புகளின் தூசியில் கிடந்திருக்க வேண்டாம்.

புதிய திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கு ஆண்டுக்கு 12 வீதம் 24 நாள்தான் விடுப்பு. இடைநிலையின் இரண்டு குரூப்பும் தேறிய பிறகே பயிற்சியில் சேர முடியும், இறுதித் தேர்வு பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து என்று ஆகிவிட்டதால் படிப்பு விடுப்புக்குத் தேவை குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் 156-இல் பதினேழு நாள் தவறாகக் கழிந்தால் சமாளிக்கலாம்; 24-இல் கழிந்தால் மீதி ஏழுதான்.

நேரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வாரத்துக்கு 35 மணி நேரம் என்பது பயிற்சிக்கான அளவு. செப்டம்பரில் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து வரித் தணிக்கைக்கான 3சி.டி. படிவங்களை நிரப்பினால், அந்தக் கூடுதல் மணிகளைச் சேர்த்து ஒரு நாளாக்கிப் பின்னால் விடுப்பாகக் கழித்துக்கொள்ளலாம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்படி எந்தக் கணக்கும் இல்லை. அலுவலகம் தானாக மனமிரங்கி ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினால் அது அவர்கள் தயவு. படிவத்தில் ஒரு நாள் என்பது ஒரு நாள்தான்.

உதவித்தொகையைப் பற்றிக் கூச்சப்படாமல் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு முதல் ஆண்டில் மாதம் ஆயிரம் ரூபாய். அது பேருந்துக்கும் டீக்கும் சரியாகப் போனது. தொகை எவ்வளவு சிறியதானாலும் அது மாதந்தோறும் கணக்கில் செலுத்தும் காசோலையாகவோ நேராக வங்கிக் கணக்கிலோ வர வேண்டும் என்று விதி இருக்கிறது. "கையில வாங்கிக்கோப்பா" என்று கொடுக்கப்படும் ரொக்கத்தை வாங்கிக்கொள்வது எளிது. ஆனால் ஒரு பயிற்சிக் காலம் உண்மையாக நடந்ததா என்று யாராவது கேட்கும் நாள் வந்தால், முப்பத்தாறு வரி உள்ள வங்கிப் பாஸ்புத்தகத்தைவிடச் சிறந்த சாட்சி எதுவும் இல்லை. அதை எழுதியது நீங்களும் இல்லை, உங்கள் பிரின்சிபலும் இல்லை.

இடையில் அலுவலகம் மாறுவது பற்றி என் சொந்த அனுபவம் இல்லை. என்னோடு ஓரியன்டேஷன் வகுப்பில் இருந்த கரூர்த் தோழியின் அனுபவம் உண்டு. முதல் ஆண்டுக்குள் மாறுவது ஒப்பீட்டளவில் சுலபம். அதன் பிறகு உடல்நிலை, பெற்றோரின் பணியிட மாற்றம், திருமணத்தால் ஊர் மாறுவது போன்ற ஏற்கத்தக்க காரணமும் அதற்கான ஆவணமும் வேண்டும். அவளுடைய அப்பாவுக்கு இரண்டாம் ஆண்டில் திருநெல்வேலிக்கு மாற்றல். காரணம் சரி, ஆணையும் இருந்தது. ஆனால் பழைய பிரின்சிபல், ஒப்பந்தத்தை இடையில் முடிக்கும் படிவம் 109-இல் கையெழுத்திட நாற்பது நாள் ஆயிற்று. முந்தைய ஒப்பந்தம் முறையாக முடியாமல் புதிய படிவம் 103 பதிய முடியாது என்பதால், இடைப்பட்ட நாட்கள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அவள் அந்த நாற்பது நாளும் புதிய அலுவலகத்தில் போய் வேலை செய்தாள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அதே இருபத்து மூன்று நாள் கதை, ஏறக்குறைய இரண்டு மடங்காக. மாறுவது என்று முடிவானால், பழைய இடத்தில் கோப்புகளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கி, 109 முடிந்ததை உறுதி செய்துகொண்டு, புதிய ஒப்பந்தத்தின் தேதியிலிருந்து மட்டும் வேலையைத் தொடங்குங்கள்.

கல்லூரிப் படிப்பையும் ஆர்ட்டிகிள்ஷிப்பையும் சேர்த்து நடத்துகிறவர்கள் படிவம் 112 வழியாக அனுமதி பெற வேண்டும், வகுப்பு நேரம் அலுவலக நேரத்தோடு மோதக் கூடாது. நான் பி.காம். முடித்துவிட்டு வந்ததால் இதில் தப்பித்தேன். தப்பிக்காத ஒருவனுக்கு மூன்றாம் ஆண்டில் வந்த கடிதத்தைப் பார்த்திருக்கிறேன், அந்த முகத்தையும்.

இனி, யாரும் எழுத்தில் பேச விரும்பாத விஷயம். அலுவலகத்துக்கே வராமல், பதிவை மட்டும் ஓட்டிக்கொண்டு வீட்டில் படிக்கும் டம்மி ஆர்ட்டிகிள்ஷிப். எனக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது, அதுவும் எட்டு நாளால் தேர்வு தள்ளிப்போய் நொந்திருந்த 2014 செப்டம்பரில். மீதி எட்டு மாதமும் வராமலே இருக்கலாம், சான்றிதழ் தருகிறோம், உதவித்தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார் வேறொரு அலுவலகத்துக்காரர். கண்டுபிடிக்கப்பட்டால் மாணவரின் பயிற்சிக் காலம் செல்லாமல் போகலாம், சான்றிதழ் கொடுத்தவர் ஒழுங்கு நடவடிக்கையைச் சந்திக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு பக்கம். நான் மறுத்ததற்கு உடனடிக் காரணம் அதுவல்ல. அக்டோபர் மாதத்துக்கென ஒரு நூற்பாலையின் கழிவுப் பஞ்சுக் கணக்கைத் தனியாகப் பார்க்கும் வேலையைச் சார் எனக்குக் கொடுத்திருந்தார். நூறு கிலோ பஞ்சு உள்ளே போனால் எத்தனை கிலோ நூலாக வரும், எத்தனை கழிவாக விற்கும், எத்தனை காற்றோடு போகும் என்று ஒரு ஆலையின் கணக்கை முதன்முதலாக முழுசாகப் புரிந்துகொண்ட மாதம் அது. இன்று என் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் நூலும் துணியும் செய்கிறவர்கள். அந்த எட்டு மாதத்தை வீட்டில் கழித்திருந்தால் அவர்களிடம் என்ன கேள்வி கேட்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. தேர்வு தள்ளிப்போனதே நல்லதாயிற்று என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை வரவில்லை. ஆறு மாதம் ஆறு மாதம்தான்.

2017 முதல் ஈரோட்டிலேயே சொந்தமாகத் தொழில் செய்கிறேன். இப்போது என்னிடம் இரண்டு ஆர்ட்டிகிள் மாணவர்கள் இருக்கிறார்கள். பிரின்சிபல் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மறுபக்கத்து நெருக்கடி புரிந்தது: ஜூலை 31, செப்டம்பர் 30 என்று தேதிகள் துரத்தும்போது ஒரு மாணவரின் படிவம் மேசையின் அடியில் போவது கெட்ட எண்ணத்தால் அல்ல. அதனால் நினைவாற்றலை நம்பாமல் இரண்டு மூன்று ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். ஒப்பந்தம் முடியாமல் யாரையும் வேலையில் உட்கார வைப்பதில்லை. ஏப்ரலாக இருந்தாலும் சரி. வருகைப் பதிவேட்டின் பக்கத்திலேயே ஒரு வெளிப்பணிப் பதிவேடு இருக்கிறது. எந்தக் கட்சிக்காரர், எந்த ஊர், என்ன வேலை, எத்தனை நாள் என்று மாணவரே எழுத வேண்டும். மாதத்தின் கடைசி வேலை நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து நானும் அவர்களும் கையெழுத்திடுகிறோம், எடுத்த விடுப்பும் மீதி விடுப்பும் ஒரு மூலையில் எழுதப்படுகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இதுவரை தொடாத வேலை எது என்று கேட்டு அடுத்த பட்டியலைப் போடுகிறேன். ஜி.எஸ்.டி. மட்டுமே பார்த்த பெண் கிடங்குக்குப் போகிறாள், கிடங்கு மட்டுமே பார்த்த பையன் ரிட்டர்னுக்கு உட்காருகிறான். இருவருக்கும் இது பிடிக்கிறதா என்றால், பெண்ணுக்குப் பிடிக்கிறது.

பயிற்சி முடியும்போது பிரின்சிபல் தர வேண்டிய சான்று படிவம் 108. அதில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, எடுத்த விடுப்பு ஆகியவை பதிவில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பிறகு உறுப்பினர் ஆவதற்கான படிவம் 2, தொழில் நடத்தும் சான்றுக்கான படிவம் 6 என்று வரிசையாக வரும் எல்லாம் இந்த ஒரு தாளின் தோளில்தான் நிற்கின்றன. முடிவதற்கு ஒரு மாதம் முன்பே மாதிரி ஒன்றை நிரப்பிப் பிரின்சிபலிடம் காட்டிவிடுவது நல்லது. கடைசி நாளில் கண்ணீரோடு திருத்துவதைவிட அது மேல்.

அதிக விடுப்புக்கான பதினெட்டு நாளை 2015 ஜூன் மாதத்தில் வேலை செய்து முடித்தேன். கடைசி நாள் ஜூன் 20, சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குச் சார் 108-இல் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வாழ்த்துச் சொன்னவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் நான் அதில் இருந்த தேதிகளை இரண்டு முறை படித்தேன். எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கப் போனவளை அக்கா கூப்பிட்டார். கையில் பதிவேடு, சிவப்பு மைப் பேனா.

"இன்னிக்குக் காலைல கையெழுத்துப் போடலே கண்ணு."